தலகாணிக்கு வந்த பதவி உயர்வு

எங்கள் நெடுந்தூர ரயில் ஒன்றுதான். அதை நடத்தும் கம்பெனிதான் நான்காவது. எட்டு ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் முடியும். பெயிண்ட் அடிப்பவர்கள் ஏணியோடு வருவார்கள். பச்சைப் பெட்டிகள் நீலமாகும், நீலம் சாம்பலாகும். மழையில் நனைந்தால் பழைய கம்பெனியின் பெயர் புதியதன் அடியிலிருந்து லேசாக எட்டிப் பார்க்கும்.

வேலை செய்கிற எங்களுக்கு மாறுவது சட்டை நிறமும் வரவேற்பு வாக்கியமும்தான். முதல் கம்பெனி “வாருங்கள்” என்று சொல்லச் சொன்னது. இரண்டாவது “வருக, அமர்க” என்றது. மூன்றாவது எதுவும் பேச வேண்டாம், சிரித்தால் போதும் என்றது. மூன்றிலும் அதுதான் கஷ்டமாக இருந்தது. இப்போது வந்திருக்கும் நான்காவது கம்பெனி, ஒவ்வொரு பயணியிடமும் “வணக்கம், உங்கள் பயணமே எங்கள் மகிழ்ச்சி” என்று சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது.

“அவங்க ஏறுறதுல நமக்கு என்னய்யா மகிழ்ச்சி?” என்றார் ரயிலின் டீக்காரர். “இறங்குனா வேணும்னா சொல்லலாம்.”

இந்த நான்கு கம்பெனிகளையும் பார்த்தவர் ஏழாம் பெட்டியின் உதவியாளர். விரிப்பும் போர்வையும் கொடுத்து வாங்குவது, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது, இறங்க வேண்டியவர்களை உரிய நேரத்தில் எழுப்புவது எல்லாம் அவர் வேலை. கக்கத்துக்கு மூன்றாக ஆறு தலையணைகளை இடுக்கிக்கொண்டு, யார் மீதும் இடிக்காமல் பெட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பார். அதனால் அவருக்குத் தலகாணி என்று பெயர். விரிப்பை நான்காக மடித்து, மறுபடி மூன்றாக மடித்து, ஓரம் உள்ளே போகும்படி அடுக்குவார். அடுக்கிய பிறகு ஒரு தட்டு தட்டுவார். செங்கல் போல நிற்கும்.

புதிய கம்பெனி வந்த மாதம், ஓய்வறைச் சுவரில் ஓர் அறிவிப்பைக் குத்தினார்கள். ஐம்பத்திரண்டு வயதைத் தாண்டிய உதவியாளர்களைப் பரிசோதகர் ஒருவர் கூடவே பயணம் செய்து கவனிப்பார். நூற்றுக்கு அறுபத்தைந்துக்குக் கீழே வாங்குகிறவர்களுக்கு நிலையத்தில் வேலை, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. அறிவிப்பு இரண்டு தாள். முதல் தாளுக்கு அடியில் இருந்த இரண்டாம் தாளைத் தூக்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சிலர் வேண்டுமென்றே கோட்டைவிடத் தயாரானார்கள். தினமும் வீட்டுச் சாப்பாடு, சொந்தக் கட்டில், யாருக்குக் கசக்கும்? ஐம்பத்து நான்கு வயதான தலகாணிக்கு மட்டும் கசந்தது. அவரைவிட அதிகமாகக் கசந்தது அவர் மனைவிக்கு.

அவர் மனைவி வீட்டின் முன்னறையில் தையல் வேலை செய்கிறவர். தலகாணி வாரத்தில் நான்கு நாள் ரயிலில், மூன்று நாள் வீட்டில். கல்யாணமான இருபத்தாறு வருடமும் இப்படித்தான். ஊரிலிருந்து திரும்பும் அன்று புது மாப்பிள்ளை வருவதுபோல் வருவார். அந்த அம்மாளும் காலடிச் சத்தம் கேட்டதும் மிஷினை நிறுத்திவிட்டுக் கதவைத் திறப்பார். இரண்டாம் நாளும் இனிமையாகவே போகும். மூன்றாம் நாள் மாலை ஆனதும் இரண்டு பேருடைய குரலும் கொஞ்சம் உயரும். நான்காம் நாள் காலை ரயில் வந்து குடும்பத்தைக் காப்பாற்றும்.

இதற்கு மாறாக ஒரே ஒருமுறை நடந்தது. கால் எலும்பு முறிந்து தலகாணி நாற்பது நாள் வீட்டில் இருந்தார். சும்மா உட்கார மனம் வராமல், மனைவி வெட்டி வைத்திருந்த பள்ளிச் சீருடைத் துணிகளையெல்லாம் மடித்து அடுக்கினார். நான்காக மடித்து, மறுபடி மூன்றாக மடித்து, ஒரு தட்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கைகள் எட்டாம் வகுப்பு உடம்புகளோடு சேர்ந்துவிட்டன. தலைமையாசிரியை நேரில் வந்துவிட்டுப் போனார்.

அறிவிப்பைப் படித்த அன்று தலகாணி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார்.

“தினமுமா?” என்றார் மனைவி.

“தினமும். ஞாயித்துக்கிழமை முழு நாளும்.”

ஓடிக்கொண்டிருந்த மிஷின் சக்கரத்தை அவர் கையால் பிடித்து நிறுத்தினார்.

“உங்க மேல நான் உசுரையே வச்சிருக்கேன். தெரியும்ல?”

“தெரியும்.”

“அது மூணு நாளைக்குத்தாங்க தாங்கும்.”

“எனக்கு மட்டும் என்னவாம்? போன வாரம் மெத்தையில மூணு ஊசி.”

“ரெண்டு. மூணாவது உங்க சட்டையிலயே இருந்தது.”

பிறகு அந்த அம்மாள், “மார்க் போடுறவங்க பக்கத்துல இருக்கற பயணிகிட்ட ஏதாவது கேப்பாங்களா?” என்றார்.

“கேப்பாங்கன்னுதான் போட்டிருக்கு.”

“அப்ப நான் வர்றேன். அக்கா வீட்டுக்குப் போய் ரொம்ப நாளாச்சு. யாரோ மாதிரி உக்காந்துட்டு, நாலு நல்ல வார்த்தை சொல்லிட்டு இறங்கிடறேன். நீங்க என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது.”

“அது என்ன பெரிய விஷயம்?” என்றார் தலகாணி. அதுதான் பெரிய விஷயம் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

சோதனை நாள் வந்தது. பரிசோதகர் நாற்பது வயதுப் பெண்மணி. இதற்கு முன் ஓட்டல்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தவர். டேப்லெட்டும் கையுமாக ஏறிய நிமிடமே டீக்காரர் அவருக்கு மார்க் மேடம் என்று பெயர் சூட்டிவிட்டார். அவருக்குப் பக்கத்து இருக்கை தலகாணியின் மனைவிக்குக் கிடைத்தது தற்செயல் அல்ல. டிக்கெட் கவுன்ட்டர்காரர் டீக்காரரின் மைத்துனர்.

தலகாணி ஒவ்வொருவராக வணக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். மனைவியின் முன்னால் வந்து நின்றார்.

“வணக்கம். உங்கள் பயணமே எங்கள்...” என்று பாதியில் நிறுத்தினார். அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

“மகிழ்ச்சி” என்று மார்க் மேடம் எடுத்துக்கொடுத்தார்.

“ஆமா மேடம். அதேதான்.”

டீ வந்தது. எல்லோருக்கும் கோப்பையை நீட்டிய தலகாணி, மனைவியின் டீயை மட்டும் இரண்டு கோப்பைகளில் மாற்றி மாற்றி நான்கு ஆற்று ஆற்றி, சர்க்கரைப் பொட்டலத்தில் பாதியை மட்டும் போட்டுக் கலக்கி, மீதியைத் தன் பையில் வைத்துக்கொண்டார். கை தானாகச் செய்தது. மார்க் மேடம் பார்த்தார். டேப்லெட்டில் எதையோ தட்டினார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அம்மாள் கண்ணாடியோடு தூங்கிவிட்டார். அந்த வழியாகப் போன தலகாணி குனிந்து, அவர் எழுந்துவிடாதபடி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, பையின் பக்கவாட்டு அறையிலிருந்த கூட்டுக்குள் வைத்தார். கூடு எந்த அறையில் இருக்கிறது என்று தேடக்கூட இல்லை. கதவோரம் நின்ற டீக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்றாவதாக நடந்ததுதான் உச்சம். எங்கள் வழித்தடத்தின் நடுவில் ஒரு சந்திப்பு நிலையம் உண்டு. அங்கே எஞ்சினைக் கழற்றி ரயிலின் பின்பக்கம் மாட்டுவார்கள். அதுவரை முன்னால் பார்த்து வந்தவர்கள் அதன் பிறகு பின்னால் பார்த்துப் போக வேண்டியதுதான். அந்த நிலையத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தலகாணி வந்து, மனைவிக்கு எதிரே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவரிடம் நின்றார்.

“சார், கொஞ்சம் அந்தப் பக்கம் மாறி உக்காருறீங்களா? இவங்களுக்குப் பின்னால பாத்து போனா குமட்டும்.”

அவர் மாறினார். மனைவியும் எழுந்து மாறினார். மார்க் மேடம் தலையை நிமிர்த்தினார்.

“அவங்க உங்ககிட்ட எதுவும் கேக்கவே இல்லையே. எப்படித் தெரிஞ்சுது?”

தலகாணிக்கு வேர்த்துவிட்டது. மனைவியைப் பார்க்கக் கூடாது என்று மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தார்.

“இருபத்தாறு வருஷ அனுபவம் மேடம்” என்றார். பொய் சொல்லவில்லை.

மாலையில் மார்க் மேடம், எதிரே மாறி உட்கார்ந்திருந்த அந்த அம்மாளிடம் கேட்டார்: “இந்த உதவியாளரைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?”

“தங்கமான மனுஷன்” என்றார் அந்த அம்மாள். “இந்த மாதிரி ஆளையெல்லாம் ரயில்லயே வச்சிருக்கணும். வெளிய விடவே கூடாது.”

அக்காவின் ஊர் வந்ததும் இறங்கிக்கொண்டார். வேலை முடிந்தது என்று இருவரும் நினைத்தார்கள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. அதற்குக் கீழே, அறிவிப்பின் இரண்டாம் தாளில் சொல்லியிருந்தபடி, தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர் தலைமை நிலையத்தின் பயிற்சிக் கூடத்தில் ஆசிரியராக நியமிக்கப்படுகிறார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து.

கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது தலகாணியின் முகம் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு பாதி ஆசிரியர். மறு பாதி தூக்கில் தொங்கப்போகிறவர்.

“தோத்தாலும் வீடு, ஜெயிச்சாலும் வீடா?” என்றார் மனைவி.

“என்ன இருந்தாலும் ஆசிரியர் வேலை” என்றார் தலகாணி. சொல்லிக்கொண்டே மேஜை மேலிருந்த துணியை எடுத்து மடித்தார். நான்காக.

மறுநாள் அவர் ரயிலேறிய பிறகு, அந்த அம்மாள் கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்கவே மறந்திருந்தார். அலுவலகத்தில் இன்னும் பாதி அட்டைப்பெட்டிகள் பிரிக்கப்படவில்லை. சுவரில் பழைய கம்பெனியின் நாட்காட்டி தொங்கியது. மார்க் மேடம் அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

“நீங்க... பின்னால பாத்தா குமட்டும்னு...”

“ஆமாங்க. அவர் என் வீட்டுக்காரர்.”

மார்க் மேடம் நாற்காலியில் சாய்ந்தார். டீ, கண்ணாடி, சந்திப்பு நிலையம் மூன்றும் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போயின.

“அது ஏமாத்து வேலை இல்லையா?” என்றார்.

“ஏமாத்துறதுக்குத்தாங்க வந்தேன். ஆனா அவரு செஞ்சது எதுவும் நடிப்பு இல்ல. நடிச்சிருந்தா மாட்டியிருக்க மாட்டோம்.”

“இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க?”

“அவர் வீட்டுக்கு வந்துடுவாருங்க.” அந்த அம்மாள் அளவு நாடாவின் நுனியை விரலில் சுற்றினார். “இருபத்தாறு வருஷம் ஆச்சு. வாரத்துக்கு மூணு நாள்னு கணக்குப் போட்டா பதினோரு வருஷம்தான் ஆகுது. நல்லாப் போயிட்டிருக்கு மேடம். ஏழு நாளும் வச்சு அதைக் கெடுத்துடாதீங்க.”

மாதத்தில் இருபது நாள் ரயிலில் கழிக்கிற மார்க் மேடம் அளவு நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் தனக்காகக் காத்திருப்பவரைப் பற்றி நினைத்தாரோ என்னவோ, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். பிறகு டேப்லெட்டைத் திறந்து, மனைவிக்குச் செய்த மூன்றையும் கழித்தார். ஒவ்வொன்றுக்கும் எட்டு. மீதி எழுபத்தொன்று.

“மத்த பயணிங்ககிட்ட மட்டும் பாத்தாலும் தேறிட்டாரு அக்கா. ரயிலுக்குப் போதும். ஆனா ஆசிரியர் உத்தரவு போயிடுச்சு. அதை ரத்து பண்ண நான் ஒரு காரணம் எழுதணும்.”

“அவருக்குச் சொல்லித்தர வராதுன்னு எழுதுங்க.”

“அது நிஜமா?”

“எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்தாரு. நான் இன்னிக்கும் நடந்துதான் வந்தேன்.”

இரண்டாவது கடிதம் அடுத்த வாரம் வந்தது. “பயணிகளைக் கவனிப்பதில் திருப்திகரமானவர். ஆனால் பிறருக்குக் கற்பிக்கும் திறன் சிறிதும் இல்லை. ஏழாம் பெட்டியிலேயே தொடர்வார்.”

தலகாணி நிம்மதியில் மூச்சு விட்டார். அந்த மூச்சு முடிவதற்குள் கோபம் வந்துவிட்டது. “சிறிதும்” என்ற சொல்லில் விரலை வைத்து ஓய்வறையில் ஒவ்வொருவரிடமும் காட்டினார்.

“எனக்கா கத்துக்குடுக்க வராது? உனக்கு விரிப்பு மடிக்க யாரு கத்துக்குடுத்தது?” என்று டீக்காரரிடம் கேட்டார்.

“எனக்கு விரிப்பு மடிக்கவே தெரியாதேண்ணே” என்றார் டீக்காரர்.

வீட்டில் இருந்த மூன்று நாளும் தலகாணி ஒரு துணியைக்கூட மடிக்கவில்லை. மேஜையில் உட்கார்ந்து மேல்முறையீடு எழுதினார். நான்கு பக்கம். நான்கு கம்பெனிகளிலும் தான் யார் யாருக்கு என்னென்ன கற்றுக்கொடுத்தார் என்று வருடத்தோடு விவரித்து, ஆசிரியர் பதவியைத் திரும்பக் கேட்டிருந்தார். நான்காம் நாள் காலை உறையில் போட்டு ஒட்டி, ரயிலுக்குக் கிளம்பும்போது மனைவி கையில் கொடுத்தார்.

“இன்னிக்கே தபால்ல போட்டுடு. இதை விடப் போறதில்ல.”

“நீங்க நிம்மதியாப் போங்க” என்றார் மனைவி.

தெருமுனையில் அவர் தலை மறைகிற வரை நின்று பார்த்தார். பிறகு உள்ளே வந்து, உறையைப் பிரித்து, நான்கு தாள்களையும் மேஜையில் பரப்பினார். நல்ல தடித்த காகிதம். அதன்மேல் சாக்கட்டியால் வளைவு போட்டு, ஐந்தாம் வகுப்புச் சட்டைக் கழுத்துக்கு இரண்டு, எட்டாம் வகுப்புக்கு இரண்டு என்று அளவுக் காகிதம் வெட்டிக்கொண்டார்.

தலகாணி திரும்பி வந்து, செருப்பைக் கழற்றும் முன்னே கேட்டார்: “பதில் ஏதாவது வந்துச்சா?”

“புதுக் கம்பெனி இல்லையா? மெதுவாத்தாங்க வரும்.”

“அதுவும் சரிதான்” என்றார் கம்பெனிகளைக் கரைத்துக் குடித்தவர். “இவங்க பதில் போடுறதுக்குள்ள அடுத்த கம்பெனி வந்துடும்.”