விஜயா அக்கா மேசையில் ஒன்பது புத்தகங்கள்

விஜயா அக்கா இறந்துட்டாங்க. மஞ்சள் காமாலையாம்... காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாங்க.

ஆவடியில் எங்க குவார்ட்டர்ஸ் நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுப்பாங்களே, அந்த அக்கா.

"ஒரே நாள்ல ரெண்டு புக்கா? உங்க ஊட்ல சோறு போடுறாங்களா இல்லியா பாப்பா?"

புத்தகம் பதியும்போதெல்லாம் அந்தப் பழைய கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேள்விப் பெட்டி வரும். 'ஒரு வரி சேர்க்கப் போகிறேன், சரியா?' யெஸ் அமுக்கினால்தான் நகரும்.

"எத்தினி தபா கேக்குது பாரு. இதுக்கு என் மாமியாரே தேவல."

நான் ப்ளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ். ஒரு புத்தகத்தைப் பார்த்து டேட்டாபேஸ் கோடில் ஒரு வரி சேர்த்தேன். கேள்விப் பெட்டிகளை நிறுத்தும் வரி. அக்கா கைதட்டினாங்க.

வேலை முடிந்ததும் பெட்டிகளை மறுபடி ஆன் செய்ய இன்னொரு வரி வேண்டும். அது அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் புரட்டவில்லை.

கிழிந்த புத்தகங்களைப் பட்டியலிலிருந்து நீக்கும்போது அக்கா அவற்றை மேசையில் அடுக்கி எண்ணுவாங்களாம். எத்தனை நீக்கப் போகிறது என்று பெட்டி காட்டும் எண்ணும் அதுவும் ஒன்றாக இருந்தால்தான் யெஸ். இது அப்போ எனக்குத் தெரியாது...

அன்று மேசையில் ஒன்பது புத்தகங்கள். எவற்றை நீக்க வேண்டும் என்று கேட்கும் கட்டத்தை அக்கா மறந்து காலியா விட்டுட்டாங்க. காலியா விட்டால் எல்லாமே நீங்கிடும்.

பெட்டி வரவில்லை. மொத்தப் பட்டியலும் போச்சு. வேறு நகல் இல்லை.

குவார்ட்டர்ஸ் சங்கச் செயலாளர் அங்கிள் கத்தினார். "யாரும்மா இதுல கை வெச்சது?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் சார்... தப்பா அமுக்கிட்டேன்."

அந்த மாதமே வேலை போச்சு. திருமழிசையில் ஒரு பேக்கிங் கம்பெனிக்குப் போனாங்க.

ஒருமுறை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். உண்மையைச் சொல்லத்தான் கிட்டே போனேன். "இப்ப இன்னா புக்கு படிக்கிற?"ன்னு கேட்டாங்க. புத்தகத்தின் பேரைச் சொன்னேன். பஸ் வந்துடுச்சு.

குவார்ட்டர்ஸ் அங்கிள், ஆன்ட்டி எல்லாருக்கும் இப்போ சொல்றேன்... பட்டியல் போனது அக்காவால் இல்லை. பெட்டியை நிறுத்தியது நான். இன்று சொல்லி யாருக்கு என்ன...

சாயங்காலம் முத்தாபுதுப்பேட்டையில் அவங்க வீட்டுக்குப் போனோம். மாமியார் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "புக்கு படிக்கிற பொண்ணு நீதானா? உன்னிய பத்தியே பேசிகினு இருப்பா."

ஆமாம்னு மட்டும் சொன்னேன்.

கிளம்பும்போது, சாவு வீட்டில் 'போயிட்டு வரேன்'னு சொல்லக் கூடாதுன்னு அம்மா கையைப் பிடித்து இழுத்தாங்க.

எதுவுமே சொல்லாமல் வந்துட்டேன், அக்கா.