மாமாவைப் படம் பிடித்தது யார்?

சந்தேகப்படுவது எனக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த சீர். இன்று நான் குடியிருக்கும் ஹடப்சரில், மகளின் பள்ளி வேன் சற்றுத் தாமதித்தால் ஓட்டுநரைச் சந்தேகிக்கிறேன்; சீக்கிரம் வந்துவிட்டால் அவர் ஓட்டும் வேகத்தைச் சந்தேகிக்கிறேன். இந்தக் குணம் எப்போது பிடித்தது என்று யோசித்தால், என் சின்ன வயதில் மாமா அமெரிக்காவிலிருந்து ஃபோட்டோ ஆல்பத்தோடு வந்த விடுமுறைதான் நினைவுக்கு வருகிறது. அதற்கு முன்பும் இருந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சிகாகோவிலிருந்து பல மணி நேரம் காரில் போனால், மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே வருகிற ஒரு சின்ன ஊரில் இன்ஜினீயர். வயது ஏறிக்கொண்டே போனது. இந்தத் தடவை கல்யாணத்தை முடித்துத்தான் அனுப்புவது என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். தெஹு ரோட்டிலிருந்து நல்ல இடம் ஒன்று வந்திருந்தது. பெண்ணின் படத்தை மாமா சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். நாங்கள் கவனிக்காத நேரமாகப் பார்த்து எடுத்துப் பார்த்துக்கொள்வார். நான் கவனித்துவிடுவேன்.

பெண்ணின் அப்பாவும் பெரியம்மாவும் மாப்பிள்ளை பார்க்க கட்கியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். கேசரியும் பட்டாட்டா வடாவும் ஆனதும் மாமா ஆல்பத்தைத் திறந்தார்.

முதலில், மணிக்கூண்டு வைத்த நீதிமன்றம். பிறகு, ரயில் வருவது நின்று மியூசியமாகிவிட்ட ஸ்டேஷன். ஆற்றங்கரை மாவு மில். உள்நாட்டுப் போரில் செத்துப்போன ஊர்க்காரர்களுக்காக வைத்த சிப்பாய் சிலை. தப்பி ஓடிவந்த அடிமைகளை நிலவறையில் ஒளித்துவைத்த ஒரு செருப்புத் தைப்பவரின் செங்கல் வீடு. எல்லாவற்றுக்கும் முன்னால் மாமா நின்றுகொண்டிருந்தார். அங்கே பழைய கட்டிடம் ஒவ்வொன்றிலும் அதன் கதையை எழுதி ஒரு வெண்கலப் பலகை பதித்திருப்பார்களாம். அவ்வளவையும் மாமா மனப்பாடமாகச் சொன்னார். அந்தச் செருப்புத் தைப்பவரின் மனைவி பெயர் உட்பட.

“ஊருக்கு நூத்தம்பது வருஷ சரித்திரம் இருக்குங்க.”

“அதுக்கு முன்னாலேயே நம்ம ஊர் சனிவார் வாடா அரண்மனை எரிஞ்சே போச்சு, மச்சான்” என்றார் அப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மா மட்டும் சிரிக்காமல் ஆல்பத்தை முதலிலிருந்து மறுபடி புரட்டினார்.

“எல்லாத்துலயும் நீங்களே நிக்கறீங்களே தம்பி. எடுத்தது யாரு?”

“யாரும் இல்லீங்க. டைமர் வச்சா அதுவே எடுத்துக்கும். எதுனா சுவத்து மேல வச்சிட்டு, ஓடிப்போய் நின்னுக்குவேன்.”

“இதுல சிரிக்கறீங்க.”

“ஆமாங்க.”

“மிஷினைப் பாத்தா?”

பெரியம்மா விடவில்லை.

“பக்கத்து வீட்ல யாரு இருக்காங்க?”

“தெரியலைங்க.”

“எத்தினி வருஷமா அங்க இருக்கீங்க?”

“ஆறு வருஷமா.”

எப்போதோ செத்துப்போன செருப்புத் தைப்பவரின் மனைவி பெயர் தெரியும், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? நானும் நம்பவில்லை. மாமா உள்ளே ஓடி கேமராவைக் கொண்டுவந்து, டிவி மேல் வைத்து, திரும்ப ஓடிப்போய் அப்பா பக்கத்தில் நின்றார். சிவப்பு விளக்கு மினுக்கி, ஃப்ளாஷ் அடித்தது.

“இங்க வேலை செய்யுது, சரி” என்றார் பெரியம்மா.

அவர்கள் போனதும் அம்மா சமையலறையில் அப்பாவிடம் குரலைத் தாழ்த்தினாள். “ஏதோ லஃப்டா இருக்குங்க. அங்க எவளோ இருக்கா.”

“அவனையே கேளேன்.”

“கேட்டா சொல்லிடுவானா?”

இரண்டு நாளில் ஃபோன் வந்தது. ஜாதகம் பொருந்தவில்லையாம். ஜாதகம் பார்த்த பிறகுதான் அவர்கள் வந்திருந்தார்கள். மாமா சட்டைப் பையிலிருந்த படத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார்.

“ஒரு தடவை நீயாவது வந்து அந்த ஊரைப் பாருக்கா.”

“வந்தா கதவைத் திறக்கறது யாருன்னு தெரியலையே” என்றாள் அம்மா.

மாமா கிளம்பிப் போனார். ஆல்பத்தை எடுத்துப் போகவில்லை, மறந்தாரா வேண்டுமென்றே விட்டாரா தெரியாது. ஒரு சாயங்காலம், அப்பா பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சமையலறையில் அம்மா சொன்ன அந்தப் பெண்ணைத் தேட உட்கார்ந்தேன். பாவாடை ஓரமோ ஒரு நிழலோ எங்காவது விழுந்திருக்கும் என்று நம்பினேன். சிலையில் இல்லை, மில்லில் இல்லை. நீதிமன்றப் படத்தில் மாமாவுக்குப் பின்னால் பெரிய கண்ணாடிக் கதவு இருந்தது. அதில் எதிர்ப்பக்கம் முழுக்கத் தெரிந்தது. மாமாவின் முதுகு, காலியான தெரு, ஒரு குட்டைச் சுவர், சுவர்மேல் சின்னதாகக் கறுப்பாய் ஏதோ ஒன்று. வேறு ஒருவரும் இல்லை.

கெட்டிக்காரி, சரியான நேரத்தில் சுவருக்குப் பின்னால் குனிந்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்துபோயிற்று. ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா பூதக்கண்ணாடியை வாங்கி, அந்தக் காலித் தெருவையும் சுவர்மேல் இருந்த கறுப்பையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, வெளிநாட்டுக்கும் பேச முடிகிற தெருமுனை எஸ்டிடி பூத்துக்கு நடந்தாள். மாமா இன்றைக்கு நன்றாகத் திட்டு வாங்கப்போகிறார் என்று, அவளைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்ட பெருமையோடு நான் வாசலில் காத்திருந்தேன்.