காலமான மனைவி கொண்டுவந்த சோறு

பினாங்கில் கோர்ட்டுக்கு எதிரே, கடைகளின் முன்னால் உள்ள அஞ்சடி நடையில் டைப்ரைட்டர் வைத்து, இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஒலி ஏறக்குறைய ஒன்றாகவும் எழுத்து வேறாகவும் இருக்கும் சொற்களிடம் நீங்களும் அடிபட்டிருப்பீர்கள். என் பங்கைச் சொல்கிறேன்.

நகராத கடை

காகிதமும் மையும் விற்கும் முஸ்லிம் வியாபாரி நானா ஒருவர், கடைப் பலகைக்கு 'ஸ்டேஷனரி' என்று எழுதித் தரச் சொன்னார். 'இ' வரவேண்டிய இடத்தில் 'ஏ' போட்டுக் கொடுத்துவிட்டேன். பெயிண்டர் அப்படியே தீட்டிவிட்டார். அதற்கு நகராமல் நிற்பது என்று பொருள். ஒரு வாத்தியார் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. திருத்தித் தருகிறேன் என்று ஓடினேன்.

நானா பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இருபது வருஷமா இதே எடத்துலதானே இருக்கேன்? பலகை பொய் சொல்லல, தம்பி."

சத்தம் போடாதே

மருந்துக்கடை கம்பவுண்டருக்கு 'அமைதி' என்று அறிவிப்பு அடித்தேன். 'குவயட்' என்பதில் கடைசி இரண்டு எழுத்தும் இடம் மாறி, 'முற்றிலும்' என்று பொருள்படும் 'குவைட்' ஆகிவிட்டது. அதைச் சொன்னபோது, பெஞ்சில் கூச்சலிட்டுக்கொண்டிருந்த நோயாளிகளைக் காட்டினார்.

"சரியா எழுதியிருந்தா மட்டும் கேட்டிருப்பாங்களா? விடுங்க லா."

பாப்பாத்தி

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் செல்லையா, மனைவி பாப்பாத்தி காய்ச்சலில் கிடப்பதாக ஒரு வாரம் லீவு கேட்டு எழுதச் சொன்னார். 'சிக்' என்ற சின்னச் சொல்லே போதும். எனக்குப் பகட்டு, நோயுற்றவள் என்பதற்கு 'டிஸீஸ்ட்' என்று பெரிய சொல்லாகப் போட்டேன். அதில் 'ஐ', 'எஸ்' வரவேண்டிய இடங்களில் 'இ', 'சி' விழுந்து, 'காலமான மனைவி' என்றாகிவிட்டது. துரை அனுதாபத்தோடு உடனே லீவு கொடுத்தார்.

பாப்பாத்தி பிழைத்துக்கொண்டாள். செல்லையா வேலைக்குத் திரும்பிய அன்று, கிடங்கு வாசலுக்குச் சோறு கொண்டுவந்தாள். யார் என்று கணக்கெழுதும் கிராணி கேட்க, "என் பொஞ்சாதி" என்றார் செல்லையா. பொய் சொல்லி லீவு வாங்கினான் என்று அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அவர் என்னைத் திட்டவில்லை. மேஜை முன்னால் நின்று, "நான் என்னண்ணே தப்பு பண்ணேன்?" என்றுதான் கேட்டார். விஷயம் வெளியே தெரிந்தால் இனி யார் என்னிடம் மனு எழுதி வாங்குவார்கள் என்று தோன்றியது. ஆனாலும் துரையிடம் போய், தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, செல்லையாவை மறுநாளே வரச் சொன்னார்.

சாயங்காலம் பாப்பாத்தி வந்தாள். மன்னிப்புக் கேட்க எழுந்தேன்.

"என்னச் சாகடிச்சது போகட்டும்ண்ணே. அவருக்கு வேற பொண்ணு பார்க்கச் சொல்லி எழுதலையே?"

இங்கிலீஷ் தெரியாதவர்களால் இந்த ஊரில் ஒரு கெடுதலும் நடக்கவில்லை, தெரியும் என்று மேஜை போட்டு உட்கார்ந்த என்னால்தான் எல்லாம்.