ராமானுஜத்தின் கண்ணாடித் தொட்டி

உத்திரமேரூர் பத்திரப் பதிவு ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவான ராமானுஜத்துக்கு, தாம் மற்றவர்களைப் போல இல்லை என்பதில் அபார நம்பிக்கை. அதற்கு அத்தாட்சி ஊரில் எதுவும் அகப்படாததால், 1961-ல் மெட்ராஸ் மூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டியும் ஆறு தங்கமீன்களும் வாங்கிவந்து கூடத்தில் வைத்தார்.

"ஐயங்கார் ஆத்துல மீனா?" என்று எதிர்வீட்டு ஜெகந்நாதன் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"பெருமாளே முதல்ல மீனாத்தான் வந்தார், ஓய்!"

மறுநாள் ஜெகந்நாதனே தம் பேரனை அழைத்துவந்து காட்டினார்.

ஆபீஸ் பரிசோதனைக்கு வரும் ஜில்லா அதிகாரியை வீட்டுக்குக் காபி சாப்பிட அழைத்தபோதுதான் வந்தது வினை. தொட்டியைக் கவிழ்த்து, வாஷிங் சோடா போட்டுப் பளபளவென்று தேய்த்து, அப்போதே இறைத்த கிணற்றுத் தண்ணீரை நிரப்பினார் ராமானுஜம். விடிந்து பார்த்தால் ஆறும் வயிற்றைக் காட்டி மிதந்தன. விரலை நீட்டினால் மேலே வந்து முட்டும் குட்டி வாலனும் அவற்றில் ஒன்று. அன்று அவருக்குச் சாதம் இறங்கவில்லை.

"எல்லாம் ஜெகந்நாதன் கண்ணு" என்று பூசணிக்காய் உடைத்தார். திரும்பவும் மூர் மார்க்கெட், திரும்பவும் ஆறு மீன், திரும்பவும் சோடா. இவை மூன்று நாள் தாங்கின.

நல்லவேளையாக அதிகாரியின் வருகை ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. மனைவி பாமா, கொல்லைப்புறச் சந்து வழியாக மீன்கூடை சுமந்து போகும் செங்கேணியைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"சோடா போட்டுத் தேய்க்க அது இன்னா அண்டாவாம்மா?" என்று செங்கேணி சிரித்தாள். "நல்லாக் கயுவிட்டு ஏரித் தண்ணி ஊத்து. வேலம்பாசி ரெண்டு கொத்து போடு. பதினஞ்சு நாளு சும்மா உடு. அப்பால ரெண்டு கெண்டக்குஞ்சு உட்டுப் பாரு. அது பொயச்சா உங்க சீமை மீனும் பொயைக்கும்."

"மீன் விக்கறவ நேக்கு மீன் வளர்க்கச் சொல்லித் தரதா?" என்று ராமானுஜம் குதித்தார்.

"நீங்க ரெண்டு தரம் வளர்த்த லட்சணத்தைத்தான் பார்த்தேனே" என்றாள் பாமா.

அவர் இறங்கிவந்தார். ஆனால் தெருவில், மெட்ராஸ் நிபுணர் ஒருவர் கடிதம் எழுதியிருப்பதாகச் சொல்லிக்கொண்டார். வெறும் பச்சைத் தண்ணீரை முன்னால் வைத்துக்கொண்டு, பதினைந்து நாளும் கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் கொடுத்தார்.

அதிகாரி வந்தபோது தொட்டியில் இருந்தவை ஏரிக் கெண்டைகள் மட்டுமே.

"இது என்ன ரகம்?"

"வெளிநாட்டு ரகம், சார்."

"அப்படியா! எங்க தஞ்சாவூர் வாய்க்கால்ல நிறையக் கிடக்குமே" என்று அதிகாரி காபியை வாங்கிக்கொண்டார். சமையலறையில் பாமா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு வந்த தங்கமீன்கள் பிழைத்தன. மார்கழியில் ஒன்றுக்குச் செதிலில் வெள்ளை பூத்ததும், ராமானுஜம் அதைப் பித்தளைச் சொம்பில் எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவில் காத்திருந்தார்.

"ஒரு கை கல்லுப்பு போடு சாமி" என்றாள் செங்கேணி. சரியாயிற்று. ஆனால் அடுத்த மாதம் எல்லா மீனும் மேலே வந்து வாயைப் பிளந்தன.

அவர் மறுபடியும் ஒரு மீனைச் சொம்பில் கொண்டுவர, செங்கேணி அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "மீனுக்கு ஒண்ணும் இல்ல. தொட்டிலதான் இன்னாமோ கீது. உள்ள வந்து பாக்கட்டுமா?"

ராமானுஜத்துக்கு அவளைக் கூடத்துக்குள் விட மனம் வரவில்லை. மீனைச் சாகவிடவும் மனம் வரவில்லை. கடைசியில் முக்கால் தண்ணீரை இறைத்துவிட்டு, ஜெகந்நாதனைக் கூப்பிட்டு, இருவரும் மூச்சு வாங்கத் தொட்டியைக் கொல்லைக்குத் தூக்கிவந்தார்கள்.

"அடில அழுவின சோறு கீது பாரு. இவ்ளோ தீனி போட்டா?" என்றாள் அவள்.

தொட்டி அங்கேயே தங்கிவிட்டது. தினமும் காலையில் செங்கேணி கூடையை இறக்கிவைத்துவிட்டுக் குனிந்து பார்ப்பாள். ஆபீஸில் பத்துப் பேரை நிற்கவைக்கும் ராமானுஜம், அவள் நிமிரும்வரை பேசாமல் நிற்பார்.