ஜாடிக்காரி

கண்ணாடித் தம்ளரை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்த பிறகுதான் புருல் தேநீரில் வாய் வைப்பாள். தாஷ்-கெச்சூ ஊரில் எல்லோரும் பீங்கான் கிண்ணத்தில் குடிப்பவர்கள். இவளுக்கு மட்டும் கண்ணாடி வேண்டும். அதற்காகவே அண்ணன் எர்மெக், பட்டை வெட்டிய பழைய தம்ளர் ஒன்றை அலமாரியில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறான். வேறு யார் கையாவது அதில் பட்டால் அவனுக்குப் பொறுக்காது.

"என் வீட்டு டீயிலயுமா மண்ணைத் தேடுற?" என்பான்.

"மண்ணு எங்க வேணா வரும்ணே. கொஞ்சம் நிக்கட்டும்."

அவள் வாயில் அதிகம் புழங்கும் வார்த்தை அதுதான். கலங்கிய எதையும் அசைக்காமல் வைத்தால் உள்ளே இருப்பது தானாக அடியில் வந்து உட்காரும் என்பது அவள் நம்பிக்கை. பக்கத்து ஊர் வாத்தியார் பெண் கேட்டு வந்தபோது, அவர் படத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொஞ்சம் நிக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்தாள். வாத்தியார் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.

புருல் மாவட்டத்தின் அணைப் பாதுகாப்பு ஆய்வாளர். ஊருக்கு மேலே மலை மடிப்பில் ஒரு தங்கச் சுரங்கம் இருக்கிறது. பாறையை மாவாக அரைத்து, விஷ மருந்து கலந்த தண்ணீரில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுவது சாம்பல் நிறச் சேறு. அதைத் தேக்கிவைக்கப் பள்ளத்தாக்கின் குறுக்கே மண்ணால் ஓர் அணை. சுரங்கம், அணை, சேறு எல்லாமே ஷைலோபெக் என்பவரின் சொந்தச் சொத்து. சேறு ஏற ஏற அணையையும் உயர்த்திக்கொண்டே போக வேண்டும். உயர்த்துவதற்கு அரசாங்கக் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்து புருலுடையது.

அவளுடைய பழைய நிவா கார் வருவது தெருமுனைக்கு முன்பே தெரிந்துவிடும். பின் இருக்கையில் காலி ஜாம் ஜாடிகள் கிணுகிணுக்கும். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ஜாடிக்காரி. எந்த அணைக்குப் போனாலும் கசிகிற தண்ணீரை ஜாடியில் பிடித்து, தட்டையான கல்லில் வைத்து, பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். மண் அணை என்றால் கசியத்தான் செய்யும்; கசிவது தெளிவாக இருக்கிறதா என்பதே அவள் கேள்வி. சரிவில் ஏறும்போது காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வாள். ஈரம் கண்ணுக்குத் தெரியும் முன்பே உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடுமாம்.

சுரங்க அலுவலகத்தில் ஷைலோபெக் அவளுக்காக மேசை நிறையப் பரப்பி வைப்பார். கறியைத் தொடமாட்டாள். அந்த ஊர் வழக்கப்படி ரொட்டியை மட்டும் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாதல்லவா? அதனால் நகக்கண் அளவு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "வாயில பட்டுருச்சு, நெறைஞ்சுருச்சு" என்று எழுந்துவிடுவாள். பிறகு காரில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த அவித்த முட்டையை உரிப்பாள்.

"குருவி மாதிரி கொத்திட்டுப் போயிருது. குருவிக்கு எப்படிங்க விருந்து வைக்கிறது?" என்று ஷைலோபெக் ஊரெல்லாம் புலம்புவார். அதைக் கேட்கும்போதெல்லாம் எர்மெக் தன் உயரமான வெள்ளைத் தொப்பியைக் கழற்றித் தூசி தட்டி மறுபடி வைத்துக்கொள்வான். தங்கையைப் பற்றிப் பேச்சு வந்தால் அவன் தலை தானாக நிமிரும்.

எர்மெக் எட்டாவதோடு பள்ளியை விட்டு ஆட்டுக்குப் பின்னால் போனவன். ஆனால் அவன் அடுக்கும் விறகில் ஒரு கட்டையின் முனைகூட வெளியே நீட்டாது. இந்தக் கோடையில் அவனுக்கு ஒரு பெரிய பேறு வாய்த்தது. ஊரே காய்ந்து கிடக்க, அணையின் காலடியில் மட்டும் கொஞ்சம் பச்சைப்புல். மந்தை அங்கேயே முட்டி மோதியது. குனிந்து பார்த்தால் கற்களுக்கு நடுவே தண்ணீர் கொப்பளிக்கிறது. புது ஊற்று.

புது ஊற்று ஒருவன் கண்ணில் படுவது சும்மா இல்லை. எர்மெக் யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. ஊற்றை அடைத்துக்கொண்டு கிடந்த கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்தான். கிண்ணம் பதித்தாற்போல வட்டமாக ஒரு குழி தோண்டினான். பெயர்த்த கற்களை அளவு பார்த்துத் தேர்ந்து விருந்துக்கு அடுப்புக் கட்டினான். மனைவி ஜிபெக்கின் கல்யாண முக்காட்டில் வெள்ளைக் கிழிசல் ஒன்றை வாங்கி, பக்கத்து முள்செடியில் முதல் நேர்த்திக்கடன் துணியாகக் கட்டினான். மறுநாளே செடி முழுக்க ஊராரின் துணிகள். ஆடுகள் புல்லைத் தின்றன, தண்ணீரில் வாய் வைக்கவில்லை. அதையும் அவன் பெருமையாகத்தான் சொன்னான்: "மரியாதை தெரிஞ்ச ஆடுங்க. மொத வாய் யாருக்குன்னு அதுங்களுக்கே தெரியும்."

முதல் வாய் புருலுக்கு. அணையை உயர்த்தக் கையெழுத்துப் போட அவள் வரும் நாளையே விருந்துக்குக் குறித்தான். அவளுக்கு மட்டும் சொல்லவில்லை.

அன்று அணையின் அடியில் ஊரே கூடியிருந்தது. ஜிபெக் எண்ணெயில் ரொட்டி சுட்டு அடுக்கினாள். பெரிய கொப்பரையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரில் ஆடு வெந்துகொண்டிருந்தது. ஷைலோபெக் புதுக் கோட்டுப் போட்டு வந்திருந்தார். "பாத்தீங்களா, என் அணை பால் குடுக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

புருல் காரை விட்டு இறங்கியதும் எர்மெக் ஓடினான். உள்ளங்கையில் அந்தப் பட்டைத் தம்ளர், நிறைய ஊற்றுத் தண்ணீர். வீட்டிலிருந்து துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தான். "ஊருக்கே கிண்ணம், உனக்குக் கண்ணாடி. மொத வாய் நீதான். யாரையும் கிட்ட விடல."

அவள் தம்ளரை வெயிலுக்கு நேரே தூக்கினாள். கூட்டம் ஒன்றாகச் சிரித்தது. "ஊத்துத் தண்ணியையுமா ஜாடிக்காரி!" என்று யாரோ கத்தினார்கள். புருல் சிரிக்கவில்லை.

"யாராச்சும் குடிச்சாங்களா?"

"அதான் சொல்றேனே, நீதான் மொதல்."

"ஆடு?"

"தொடவே இல்ல."

அவள் தோள் இறங்கியது. ஒரு மூச்சு விட்டுவிட்டுக் காருக்குப் போய் ஒரு ஜாடியை எடுத்து வந்து ஊற்றில் முக்கி, அடுப்போரக் கல்லில் வைத்தாள்.

"கொஞ்சம் நிக்கட்டும்."

சிரிப்பு ஒவ்வொரு முகமாக அணைந்தது. ஜாடியின் அடியில் நூல் மாதிரி ஒன்று இறங்கியது. பிறகு விரல் கனத்துக்குப் படிந்தது. சாம்பல் நிறம். ஷைலோபெக் குனிந்து பார்த்தார். அந்த நிறத்தை அவருக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் ஆலையில் அரைபட்டு, அவர் சட்டைக் காலரிலேயே தினமும் படியும் நிறம் அது.

"இது ஊத்து இல்லண்ணே. மேல இருக்கிற சேத்துக் குளம் அணைக்குள்ள வழி பண்ணிக்கிட்டு வருது. வர்ற வழிய அரிச்சு அரிச்சுப் பெருசாக்குது." அவள் குழியைச் சுற்றிப் பார்த்தாள். "இங்க கல்லு பதிச்சிருந்தாங்களே. மண்ணு வராமத் தடுக்கிற கல்லு. எங்க அது?"

எர்மெக் மெல்லத் திரும்பினான். அடுப்பைப் பார்த்தான். ஊரும் அடுப்பைப் பார்த்தது. ஒன்றோடொன்று இம்மி பிசகாமல் பொருந்திய அழகான அடுப்பு.

அதற்குப் பிறகு புருல் நடந்ததை யாரும் பார்க்கவில்லை, ஓடியதைத்தான் பார்த்தார்கள். "அண்ணி, புள்ளைங்க, வயசானவங்க எல்லாரையும் எதிர் மேட்டுக்கு ஏத்துங்க. கீழ வீட்ல ஒருத்தர் இருக்கக் கூடாது. ரொட்டியை எடுத்துக்கங்க, மத்ததை விடுங்க." ஜிபெக் கரண்டியை எறிந்துவிட்டு ஊர்ப்பக்கம் ஓடினாள்.

ஷைலோபெக் குறுக்கே வந்தார். "தங்கச்சி, நீ கையெழுத்துப் போட வந்தியா, என் கடையைச் சாத்த வந்தியா? பனி விழறதுக்குள்ள அணையை ஏத்தியாகணும்."

"மொதல்ல சேத்துப் பம்பை நிறுத்துங்க. குளத்துத் தண்ணியப் பக்கத்துத் தொட்டிக்கு இறைங்க."

"பம்பு நின்னா ஆலை நின்னுரும்மா."

"நிக்கட்டும்."

பம்புக்கு முத்திரை வைக்க, பையிலிருந்து கம்பியும் ஈய வில்லையும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு அணையின் மேல் ஏறினாள். ஷைலோபெக் ஜாடியை இன்னொரு முறை பார்த்தார். எதிர் மேட்டில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஏறும் பெண்களைப் பார்த்தார். புதுக் கோட்டைக் கழற்றிப் புல்லில் போட்டுவிட்டு, அணையை உயர்த்தக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த லாரிகளைப் பார்த்துக் கை வீசினார். "மணலும் சல்லியும் இங்க கொட்டுங்கடா! ஊத்துக்கு!"

புருல் பம்புக்கு முத்திரை வைத்துவிட்டு இறங்கி வந்தபோது குழியின் விளிம்பு கரைந்து அகன்றிருந்தது. முதலில் கனமான மணல், அதற்கு மேல் சல்லி, அதற்கும் மேல் கல். தண்ணீரை அடைக்கக் கூடாது, மண்ணை மட்டும் பிடிக்க வேண்டும் என்று அவள் கத்திக் கத்திக் குரல் கட்டிப்போனது. மணலும் சல்லியும் லாரியில் இருந்தன. பெரிய கல்? எர்மெக் கொப்பரையைக் காலால் உதைத்துக் கவிழ்த்தான். பாதி வெந்த ஆடு புல்லில் உருண்டது. தான் கட்டிய அடுப்பைத் தானே பிரித்தான். கல் நெருப்பாகச் சுட்டது. தொப்பியைக் கழற்றி அதையே கைத்துணியாகச் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தான்.

"அண்ணே, சூடு..."

"நீ மணலைப் பாரு. எது எங்க இருந்துதுன்னு எனக்குத் தெரியும்."

கல் விழுந்த இடமெல்லாம் சீறி ஆவி கிளம்பியது. ஷைலோபெக்கும் மண்வெட்டியோடு முழங்கால் அளவு சேற்றில் நின்றார். "பால் குடுக்குதுன்னு சொன்னேனே" என்று தனக்குத்தானே முனகிக்கொண்டார். அந்த நேரத்திலும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

வெயில் மலையின் மறுபக்கம் சாயும்போது, கற்களுக்கு மேலே கசிந்த தண்ணீரைப் புருல் இன்னொரு ஜாடியில் பிடித்தாள். இம்முறை கூட்டம் அவளைச் சுற்றிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தது. யாரும் கேலி செய்யவில்லை. ஜாடியின் அடி வெறுமையாகவே இருந்தது. மேலே குளத்தில் இறைக்கும் சத்தம் நிற்காமல் கேட்டது.

"முடிஞ்சுதா?" என்று ஷைலோபெக் கேட்டார்.

"மேல குளம் வத்தற வரைக்கும் யாரும் மேட்டை விட்டு இறங்கக் கூடாது. கசிவு கூடுதா கொறையுதான்னு பாக்கணும்." அவள் ஒரு நீளக் கழியைக் கற்களுக்கு நடுவே ஊன்றினாள். "தண்ணி ஏறுதா இறங்குதான்னு மேட்டுல இருந்து பாத்தாலும் தெரியிற மாதிரி ஒரு துணி வேணும். வெள்ளையா."

எல்லோர் கண்களும் முள்செடிக்குப் போயின. அத்தனை துணிகளில் வெள்ளை ஒன்றுதான். கட்டிய துணியை அவிழ்ப்பதா? சிலர் வாயில் கை வைத்தார்கள். எர்மெக் யாரையும் பார்க்காமல் செடியருகே போனான். கொப்புளம் எழும்பிய விரல்களால் முடிச்சை மெல்ல மெல்லத் தளர்த்தி, துணியைக் கொண்டுவந்து தங்கையிடம் நீட்டினான்.

புருல் குனிந்து, தண்ணீர் கழியைத் தொடும் இடத்தில் அதைச் சுற்றினாள். முடிச்சுப் போட்டு ஒரு முனையைத் தன் பல்லில் கடித்துக்கொண்டு, மறு முனையை அண்ணன் கையில் கொடுத்து, அவன் இழுப்பதற்காகக் காத்திருந்தாள்.