நகராத கல்

ஆரோக்கியமேரி டீச்சர் மஞ்சள்காமாலையில் போய்விட்டார் என்று காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னார்கள். எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. இருவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள். அவர் கணக்கு, நான் தமிழ்.

தசமக் கணக்கை அவர் வகுப்பறைக்குள் நடத்தமாட்டார். மைதானத்தில் பாண்டி ஆட்டத்துக்குப் போடுவதுபோல வரிசையாகக் கட்டம் போடுவார். ஒன்றுகளின் கட்டத்துக்கும் பத்தில் ஒன்றின் கட்டத்துக்கும் நடுக்கோட்டில், ஒகேனக்கல்லில் பொறுக்கிய கூழாங்கல் ஒன்று இருக்கும். அதுதான் புள்ளி. இரண்டு என்ற அட்டையோடு ஒரு பிள்ளை கல்லுக்கு இடப்பக்கம் நிற்கும், ஐந்தோடு இன்னொன்று வலப்பக்கம். “பத்தால பெருக்குங்க!” என்பார். இருவரும் இடப்பக்கம் ஒரு கட்டம் தாவுவார்கள். இரண்டு புள்ளி ஐந்து இருபத்தைந்தாகிவிடும். நூறால் பெருக்கினால் இரண்டு கட்டம். அப்போது காலியாகும் ஒன்றுகளின் கட்டத்தில் ஒரு சைபர் ஓடிவந்து உட்காரும். “கல்லு நகராது கண்ணுங்களா, நீங்கதான் நகரணும்” என்பார்.

எங்கள் தலைமையாசிரியர் சொல்லிக்கொடுத்ததோ வேறு: பத்தால் பெருக்கினால் பின்னால் ஒரு சைபர் போடு. முழு எண்ணுக்கு அது சரி. பிள்ளைகள் 2.5ஐப் பத்தால் பெருக்கி 2.50 என்று எழுதினார்கள். அதற்கும் அவர் சரி போட்டிருந்தார். ஆசிரியர் அறையில் டீச்சர் மெதுவாகத்தான் கேட்டார்: “சார், ரெண்டரை லிட்டர் பாலுக்குப் பின்னால சைபர் போட்டாலும் அது ரெண்டரை லிட்டர்தானுங்களே?” நாங்கள் சிரித்துவிட்டோம். உண்மையைச் சொன்னால் உடம்பெரிச்சல் என்பார்கள். அவருக்கு நன்றாகவே எரிந்தது.

எண்பத்திரண்டில் ஆய்வுக்கு வந்த அதிகாரி, பிள்ளைகள் தாவுவதைப் பார்த்து நின்றார். “பாடம் நடத்தச் சொன்னா பாண்டி ஆடுறாங்க சார். நானும் சொல்லிப் பாத்துட்டேன்” என்றார் தலைமையாசிரியர். அதிகாரி ஒரு பிள்ளையிடம்கூட ஒரு கணக்குக் கேட்கவில்லை.

பென்னாகரத்துக்கு அப்பால் மாற்றல் வந்தது. டீச்சரின் அம்மா வாதம் வந்து படுத்திருந்தார். “எங்கம்மா வாயில தண்ணி ஊத்தறதுக்காச்சும் பக்கத்துல விடுங்க சார்” என்று தலைமையாசிரியரிடம் கெஞ்சினார். “ஆர்டர் வந்தா போகணும்மா” என்றார் அவர். கிளம்பும்போது டீச்சர் கல்லை என் கையில் வைத்தார். “அங்க ஆத்தோரம் நெறையக் கெடக்குமுங்க. இத நீங்க வச்சிக்கங்க.” அம்மா இறந்த சேதி கிடைத்து, பஸ் மாறிமாறி அவர் வந்து சேர்ந்தபோது குழியை மூடிவிட்டிருந்தார்கள்.

இப்போது டீச்சருக்கு அம்மாவின் பக்கத்திலேயே குழி வெட்டினார்கள். உயிரோடு கேட்டபோது கொடுக்காத இடம். ஓய்வுபெற்றுவிட்ட அதே தலைமையாசிரியர் பெரிய மாலையோடு வந்தார். “கணக்கையே விளையாட்டா மாத்துன மேதை. தட்டிக்கொடுத்து வளத்தவன் நான்” என்று கூட்டத்தில் பேசினார். பிறகு என்னிடம் வந்தார். “அந்தக் கல்லு உங்ககிட்ட இருக்குதாமே. குடுங்க, பள்ளிக்கூடத்துல டீச்சர் பேரு போட்டுக் கண்ணாடிப் பெட்டியில வெக்கலாம்.”

கல் என் கைப்பையில்தான் இருந்தது. “அது நகராதுங்க சார்” என்றேன்.

டீச்சர் எனக்கு விட்டுப்போனவை அந்தக் கல்லும் இந்தக் கோபமும். இரண்டையும் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.