நைட்டி மூட்டையும் அரிசி டிரம்மும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில் சுகிர்தாவை நைட்டி விற்பவர் என்றே அறிவார்கள். அவருடைய உண்மையான வேலை வேறு. எச்.ஐ.வி.க்கான மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்களைத் தேடிப்பிடித்து மருந்து மையத்துக்குத் திரும்ப அழைத்து வருவார். வெறுங்கையோடு போனால் அக்கம்பக்கத்தார் துளைத்தெடுப்பார்கள். தோளில் மூட்டை இருந்தால் எந்தக் கதவும் திறக்கும். மூட்டைக்கு அடியில் அவருடைய சொந்த மாத்திரை டப்பாவும் இருக்கும். அது குலுங்கிக் காட்டிக்கொடுக்காமலிருக்க உள்ளே பஞ்சை அடைத்துவைப்பார். மையத்துக்கு வரும் எல்லாருக்கும் அந்த உத்தியைக் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தேடிப்போனது, இரும்பு உருக்காலையில் வேலை பார்க்கும் ஜெரால்டை. மூன்று வாரமாக அவன் மாத்திரை சாப்பிடவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியார் செண்பகம் வந்த பிறகு, அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்த டப்பாவைக் காணோம். கேட்டால் குட்டு உடையும். மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசும் வழக்கமும் அந்த வீட்டில் இல்லை. தொலைத்துவிட்டதாக மையத்தில் சொல்ல அவனுக்கு வெட்கம். மனைவி சோனியாவுக்கு எல்லாம் தெரியும். அவளுக்குத் தொற்று இல்லை. ஆனால் மருந்து நின்றால் அவன் உடம்பும் கெடும், அவளுக்கும் ஆபத்து.

சோனியா ஷிப்டுக்குப் போயிருந்தாள். ஜெரால்ட் குழந்தையோடு வாசலில் நின்றான். செண்பகம் மூட்டையைப் பிரித்துத் தரையில் பரப்பிவிட்டார்.

"இன்னாம்மா இது, ரெண்டு தொவப்புல சாயம் ஊத்திக்கும் போலகீதே?"

"ஒண்ணும் ஆவாதுக்கா. நானே இதான் போட்டுக்கினு கீறேன்."

"நீ கட்டிக்கினு கீறது பொடவ!"

பேசிக்கொண்டே அடிவரை துழாவிய கை, டப்பாவோடு வெளியே வந்தது.

"இது இன்னா?"

சுகிர்தா ஒரு கணம் ஜெரால்டைப் பார்த்தார். அவன் முகம் வெளுத்திருந்தது.

"என் மாத்திரக்கா. எனக்கு எச்.ஐ.வி. கீது. பதினாலு வருசமா முழுங்கிக்கினு கீறேன்."

"பாத்தா கல்லு மாதிரி கீற!" என்ற செண்பகம், டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதே டப்பா இந்த ஊட்டு அரிசில கெடந்துச்சே. வண்டு மாத்திரைன்னு நெனச்சி, கொழந்த கைக்கு எட்டக் கூடாதுன்னு பரண்மேல போட்டேன்."

சுகிர்தா தரையில் கிடந்த நைட்டிகளை மடிக்கத் தொடங்கினார். அந்த டப்பா யாருடையது என்பது அவர் சொல்ல வேண்டிய செய்தி அல்ல.

"அது என்னுது, அத்த," என்றான் ஜெரால்ட். கல்யாணமான நாளிலிருந்து அவன் மாமியாரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

செண்பகம் அவனைப் பார்க்கவில்லை. சுகிர்தாவைப் பார்த்துக் கேட்டார். "எம் பொண்ணுக்கு?"

"இல்லக்கா. டெஸ்ட் எடுத்தாச்சி. இவரு வுடாம முழுங்கினா அவளுக்கு வராது. நாளைக்கே மையத்துக்கு வரணும்."

செண்பகம் ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறி, டப்பாவை எடுத்து வந்து குலுக்கினார். சத்தமில்லை. மூடியைத் திறந்து பஞ்சைப் பிடுங்கி எறிந்தார்.

"நாளைக்கி இத்தயும் எடுத்துக்கினு போவச் சொல்லு. அந்த ஊதா நைட்டிய எடு, சாயம் போனா ஒன்ன வுட மாட்டேன்."

மறுநாளே மருந்து மீண்டும் தொடங்கியது. மாமியாரும் மருமகனும் இன்றுவரை அதிகம் பேசிக்கொள்வதில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் செண்பகம் அடுப்படியிலிருந்து டப்பாவைக் குலுக்குவார். ஜெரால்ட் தண்ணீர்ச் சொம்போடு எழுந்து போவான்.